உயிர் காக்கும் கைகள்

இடர் என்பது நாள் குறித்து வருவதன்று. அடுப்பருகில் நிற்பவரின் ஆடையில் தீப் பற்றுகிறது. கிணற்றில் நீந்தக் கற்கும் சிறுவன் மூழ்கிவிடுகிறான். சாலையைக் கடப்பவர் வண்டி மோதி வீழ்கிறார். திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த முதியவர் திடீரெனச் சாய்ந்துவிடுகிறார். இவ்விடங்களில் எல்லாம் மருத்துவர் அருகில் இருப்பதில்லை. அருகில் இருப்போர் பெற்றோரும், உடன்பிறந்தாரும், அண்டை வீட்டாரும், வழிப்போக்கரும், பள்ளித் தோழருமே ஆவர். மருத்துவ உதவி வந்து சேரும்வரை இவர்கள் செய்வது யாது என்பதைப் பொறுத்தே, பல வேளைகளில், ஓர் உயிர் நிற்பதும் நீங்குவதும் அமைகின்றன.

இடருற்றவர்க்கு, மருத்துவ உதவி கிட்டும்வரை, உடனிருப்போர் உடனே செய்யும் உதவியே முதலுதவி எனப்படும். உயிரைக் காத்தல், நிலைமை மேலும் சீர்கெடாமல் தடுத்தல், தேறுதற்கு வழி செய்தல் என்னும் மூன்றும் அதன் நோக்கங்களாகும். முதலுதவி செய்பவர் மருத்துவர் அல்லர். நோயை ஆராய்வதும் மருந்து கொடுப்பதும் அவர்தம் கடமையல்ல. ஆயினும், மருத்துவர் வருங்கால் காப்பாற்றுதற்கு ஓர் உயிர் எஞ்சியிருக்குமாறு செய்பவர் அவரே.

முதலுதவியின் தோற்றம்

1859ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள், வட இத்தாலியிலுள்ள சால்ஃபெரினோ என்னும் ஊரருகே பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. பல்லாயிரவர் காயமுற்றுக் களத்தில் கிடந்தனர். அவர்களைப் பேணுதற்குப் போதிய மருத்துவர் இலர். ஆன்றி டூனான் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு வணிகர், தம் தொழில் தொடர்பாக அப்பக்கம் வந்திருந்தார். அவர் மருத்துவம் கற்றவர் அல்லர். எனினும், கண்ட காட்சி அவர் நெஞ்சை உருக்கியது. அருகிலிருந்த காஸ்டிலியோனே என்னும் ஊரின் பெண்களைத் திரட்டினார். மாதா கோயிலையே மருத்துவமனையாக்கினார். பகைவர் என்றும் நம்மவர் என்றும் வேறுபாடு பாராமல், புண்களைக் கழுவிக் கட்டவும், தாகத்தால் தவித்தோர்க்கு நீர் அளிக்கவும் ஏற்பாடு செய்தார். அக்காட்சிகளை அவர் 1862இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அந்நூல் ஐரோப்பிய நாட்டவரின் உள்ளங்களைத் தொட்டது. அதன் பயனாக 1863இல் ஜெனீவா நகரில் தோன்றிய குழுவே பின்னர்ச் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. 1901இல் முதன்முதலாக வழங்கப்பெற்ற அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற இருவருள் டூனானும் ஒருவர்.

போர்க்களத்தில் தோன்றிய இவ்வெண்ணம் ஊருக்குள்ளும் பரவியது. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் இருப்புப் பாதைகளிலும் நாள்தோறும் தொழிலாளர் அடிபடுவதைக் கண்ட இங்கிலாந்து நாட்டவர், 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தை நிறுவினர். பொதுமக்களுக்கு முதலுதவி கற்பித்தலே அதன் பணி. அதனைப் பின்பற்றி எஸ்மார்க் என்னும் செருமானிய அறுவை மருத்துவர் 1882இல் கீல் நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மருத்துவர் மட்டும் அறிந்திருந்த ஒரு கலை, மக்கள் அனைவரும் கற்கத்தக்க கல்வியாயிற்று.

நின்ற மூச்சை மீட்கும் முயற்சி

முதலுதவியுள் தலையாயது, நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் மீண்டும் இயங்கச் செய்தலாகும். இதனை அடைதற்கு மனிதர் நெடுங்காலம் முயன்றனர். கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், நீரில் மூழ்கியோரைக் காப்பதற்கென்றே 1767இல் ஒரு சங்கம் அமைந்தது. உடலுக்குச் சூடேற்றுதல், துருத்தியால் காற்றூதுதல் முதலிய முறைகளை அக்காலத்தவர் கையாண்டனர். புகையிலைப் புகையை உடலுள் செலுத்தினால் உயிர் மீளும் என்றும் நம்பினர்! அதற்கு முன்னரே, 1732இல், ஸ்காட்லாந்து நாட்டில் டாசக் என்னும் மருத்துவர், சுரங்கப் புகையால் மூச்சடங்கிய தொழிலாளி ஒருவரின் வாயில் தம் வாயை வைத்து ஊதி, அவரைப் பிழைக்கச் செய்தார். ஆனால், இந்நல்ல முறை நாளடைவில் கைவிடப்பட்டது. மூழ்கியவரின் கைகளைத் தலைக்குமேல் தூக்கி இறக்குதல், குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துதல் ஆகிய முறைகள் நூறாண்டுக் காலம் வழக்கிலிருந்தன.

1950க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர்களான எலம், சாஃபர் ஆகிய இருவரும் இப்பழைய முறைகளைச் சோதித்துப் பார்த்தனர். நினைவிழந்தவரின் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுவதால், முதுகை எத்துணை அழுத்தினும் போதிய காற்று உட்செல்வதில்லை என்பது தெளிவாயிற்று. தலையைப் பின்னே சாய்த்து மோவாயை உயர்த்தினால் அவ்வழி திறக்கும் என்பதும், வாயோடு வாய் வைத்து ஊதுவதே சிறந்தது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டன. வெளிவிடும் மூச்சு கெட்ட காற்றுத்தானே, அதனால் பயன் உண்டோ என ஐயுறலாம். புறக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உள்ளது. வெளிவிடும் மூச்சிலும் ஏறத்தாழ 16 பங்கு எஞ்சியிருக்கிறது. ஓர் உயிரைத் தாங்க அது போதும்.

மூச்சுக்கு வழி பிறந்தது. இதயத்திற்கு வழி யாது? அந்நாளில் இதயம் நின்றுவிட்டால், மருத்துவர் மார்பை அறுத்துத் திறந்து, இதயத்தைக் கையாற் பிடித்துப் பிசைய வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கு வெளியே அஃது இயலாத செயல். அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன் என்னும் மின்பொறியியற் பேராசிரியர், மின்னதிர்வால் இதயத்தை மீண்டும் இயக்கும் கருவியை ஆராய்ந்து வந்தார். அவருடன் பணியாற்றிய நிக்கர்பாக்கர் என்னும் இளம் பொறியாளர், 1958இல் ஒரு நாயின்மேல் ஆய்வு செய்தபோது, கருவியின் தகடுகளை அதன் மார்பில் அழுத்தி வைத்த அளவிலேயே, மின்சாரம் பாயுமுன்னரே, குருதியழுத்தம் சற்று உயர்வதைக் கண்டார். கண்டதைப் புறக்கணியாமல் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். ஜூட் என்னும் அறுவை மருத்துவரும் அவர்களுடன் சேர்ந்தார். மார்பைத் திறவாமலே, வெளியிலிருந்து அழுத்தி, குருதியை ஓடச் செய்யலாம் என்னும் உண்மை வெளிப்பட்டது. 1960இல் அம்மூவரும் தம் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனையில் இம்முறையால் மீட்க முயன்ற 20 பேருள் 14 பேர் பிழைத்தனர் என அதில் குறித்தனர். இதற்கு வேண்டுவன இரண்டு கைகளே. ஆகவே எவரும், எவ்விடத்தும் இதனைத் தொடங்கலாம் என்பது அவர்கள் உலகிற்கு அறிவித்த செய்தி.

மூச்சளித்தலும் மார்பு அழுத்தலும் ஒன்றுசேர்ந்து இதய நுரையீரல் மீட்பு என்னும் முறையாயின. ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு இதனைச் சி. பி. ஆர். என வழங்குவர். இம்மீட்பு முறையைக் கண்டவருள் இருவர் மருத்துவர் அல்லர், பொறியியல் அறிஞர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இதனைக் கற்பிக்கும் கருவியைச் செய்தவரும் மருத்துவர் அல்லர். நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் லேர்டால் என்பவர், மனித உருவில் ஒரு பயிற்சிப் பாவையை 1960இல் செய்தளித்தார். அன்று முதல், உயிருள்ளவர்க்கு ஊறு நேராமல் கற்க ஒரு வழி கிடைத்தது.

அழுத்துதல் பயன் தருவது எங்ஙனம்?

உடலின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பிராணவாயு தேவை. நுரையீரல் அதனைக் காற்றிலிருந்து பெற்றுக் குருதியிற் சேர்க்கிறது. இதயம் அக்குருதியை உடலெங்கும் செலுத்துகிறது. இதயம் நின்றால் குருதியோட்டம் நிற்கும். உறுப்புக்களுள் மூளையே இதனை மிகக் குறைந்த நேரம் பொறுக்கவல்லது. சில நொடிகளில் நினைவு தப்பும். நான்கு, ஐந்து நிமிடங்களில் மூளை கேடுறத் தொடங்கும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைத்துவிடும் என்பர். மிக விரைந்து வரும் ஊர்தியும் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும் அன்றோ? அவ்விடைவெளியை நிரப்பத்தக்கவர் அங்கு நிற்பவரே.

இதயம் மார்பின் நடுவில், முன்னே மார்பெலும்பிற்கும் பின்னே முதுகெலும்பிற்கும் இடையில் அமைந்துள்ளது. மார்பெலும்பை அழுத்தும்போது, மார்புக்குள் அழுத்தம் மிகுந்து, இதயத்திலுள்ள குருதி வெளியே தள்ளப்படுகிறது. கையைத் தளர்த்தும்போது மார்பு மேலெழ, குருதி மீண்டும் இதயத்துள் வந்து நிறைகிறது. இவ்வாறு ஓடும் குருதி, இயல்பான ஓட்டத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் இருக்கும். எனினும், மூளையை அழியாமல் காக்க அச்சிறு பங்கும் பேருதவியாகும். அழுத்துவதைப் போலவே முழுதும் தளர்த்துவதும் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

செய்முறை

ஒருவர் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டவர், முதலில் அவ்விடம் பாதுகாப்பானதா என நோக்க வேண்டும். மின்கம்பி அறுந்து கிடக்கும் இடத்திலும், வண்டிகள் விரையும் சாலை நடுவிலும் ஓடிச் செல்பவர் தாமும் இடருக்கு ஆளாவார். பின்னர், கிடப்பவரின் தோள்களைத் தட்டி, உரத்த குரலில் அழைத்துப் பார்த்தல் வேண்டும். அவர் விடையிறுக்கவில்லையெனில், அருகிலிருப்போரைக் கூவி அழைத்து, 108 என்னும் எண்ணுக்கோ 112 என்னும் எண்ணுக்கோ தொலைபேசியில் அறிவிக்கச் செய்ய வேண்டும். “யாரேனும் கூப்பிடுங்கள்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒருவரைச் சுட்டி, “நீங்கள் அழையுங்கள்” என்பதே பயன் தரும். பொதுவாகச் சொன்ன சொல்லைப் பிறர் ஏற்பர் என ஒவ்வொருவரும் எண்ணி வாளாவிருத்தல் கூட்டத்தின் இயல்பு.

அதன்பின் மூச்சைக் கவனித்தல் வேண்டும். மார்பு எழுந்து தாழ்கின்றதா எனப் பத்து நொடிக்குள் நோக்கி அறிய வேண்டும். இதயம் நின்ற சிலரிடம் மீன் வாய் திறப்பது போன்ற திணறல் இடையிடையே காணப்படும். அஃது உயிர்ப்பன்று. அதனை மூச்சென மயங்கி வாளாவிருந்தமையால் இழந்த உயிர்கள் பல. அழைப்பிற்கு விடையும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

அவரை உறுதியான தரையில் மல்லாக்கக் கிடத்துக. மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க. அதன்மேல் மற்றொரு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்க. முழங்கைகளை மடக்காமல், தோள்கள் கைகளுக்கு நேர்மேலே அமையுமாறு குனிந்து, உடலின் எடை முழுவதையும் பயன்படுத்தி அழுத்துக. பெரியவர்க்கு மார்பு 5 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு அங்குலம், அமிழ வேண்டும். 6 சென்டிமீட்டரை மிகுதல் கூடாது. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழ விடுதல் வேண்டும். இடையில் நிறுத்துதல் ஆகாது.

பயிற்சி பெற்றவர், 30 முறை அழுத்தியபின் தலையைச் சாய்த்து மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை மூச்சளித்து, மீண்டும் அழுத்தலைத் தொடர்வர். மூச்சளிக்கும் பயிற்சி இல்லாதவரும், அதற்குத் தயங்குபவரும் மார்பழுத்தலை மட்டுமே இடைவிடாது செய்யலாம். பெரியவர் திடீரென வீழ்ந்தபோது அதுவே பெரும்பயன் தரும். இந்திய மயக்க மருத்துவ அறிஞர்களும் பொதுமக்களுக்கு அம்முறையையே வகுத்துள்ளனர். ஆனால் நீரில் மூழ்கியோர்க்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மூச்சு முதலில் நின்று, பின்னரே இதயம் நிற்பதால், அவர்க்கு மூச்சளித்தல் மிகவும் வேண்டப்படும். குழந்தைகளின் மார்பு, அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அமிழுமாறு அழுத்தப்பட வேண்டும். கைக்குழந்தையின் மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் அழுத்த வேண்டும்.

இப்பணி எளிதன்று, வலிமையுள்ளவரும் இரண்டு நிமிடங்களில் சோர்வர். சோர்ந்த கை ஆழமாக அழுத்தாது. ஆதலின், இருவர் இருப்பின் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். தொடர்வண்டி நிலையம், வானூர்தி நிலையம் முதலிய சில இடங்களில் ஏ. இ. டி. என்னும் தானியங்கி மின்னதிர்வுக் கருவி இருக்கும். அதனைத் திறந்தால் செய்ய வேண்டியவற்றை அதுவே குரலால் கூறும். மின்னதிர்வு தேவையா என்பதையும் அதுவே அறிந்து முடிவு செய்யும். இடருற்றவர் இயல்பாக மூச்சுவிடும்வரையிலோ, மருத்துவ உதவியாளர் வந்து பொறுப்பேற்கும்வரையிலோ அழுத்தலைத் தொடர வேண்டும்.

மாரடைப்பும் இதயம் நிற்றலும் ஒன்றல்ல என்பதும் அறியத்தக்கது. நெஞ்சு வலியால் வியர்த்து வருந்துபவர், பேசிக்கொண்டும் மூச்சுவிட்டுக்கொண்டும் இருக்கும்வரை, அவர் மார்பை அழுத்துதல் கூடாது. அவரை நடக்கவிடாமல் அமர்த்தி, விரைவில் மருத்துவமனை சேர்ப்பதே செய்யத்தக்கது. நினைவிழந்தும் மூச்சு இயல்பாக உள்ளவரை ஒருக்களித்துக் கிடத்துதல் வேண்டும். அவ்வாறு செய்தால் நாக்கும் வாந்தியும் மூச்சு வழியை அடைக்கமாட்டா. நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றுவது பலரிடம் காணப்படும் வழக்கம். அந்நீர் நுரையீரலுள் இறங்கி உயிரைப் போக்கிவிடும்.

பிற இடர்கள்

பிற இடர்களுக்குரிய முதலுதவியில், செய்யத்தக்கன சிலவே, செய்யத்தகாதன பல. குருதி பெருகும் காயத்தின்மேல் தூய துணியை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். துணி நனைந்தால் அதனை எடுக்காமல், அதன்மேல் மற்றொன்றை வைத்து அழுத்த வேண்டும். உடலில் ஆழத் தைத்த பொருளைப் பிடுங்கலாகாது. மூக்கில் குருதி வடிந்தால், தலையைப் பின்னே சாய்க்காமல் முன்னே குனிந்து, மூக்கின் மெல்லிய பகுதியைப் பத்து நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

தீப்புண்ணுக்கு முதல் மருந்து நீரே. வளையல், மோதிரங்களை உடனே கழற்றிவிட்டு, புண்பட்ட இடத்தில் இருபது நிமிடங்கள் குளிர்ந்த நீர் ஓடுமாறு செய்தல் வேண்டும். மை, மாவு, பற்பசை முதலியவற்றைப் பூசுதல் தீது. பனிக்கட்டி வைப்பதும் ஆகாது. மின்சாரம் தாக்கியவரை, மின்னோட்டத்தை நிறுத்துமுன் தொடலாகாது. வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதாற் பயனில்லை. அவர் வாயில் எதனையும் திணித்தல் தீங்கு. தலையில் அடிபடாமல் காத்து, வலிப்பு நின்றபின் ஒருக்களித்துக் கிடத்துவதே முறை. தொண்டையில் உணவு சிக்கி, இருமவும் பேசவும் இயலாமல் திணறுபவரைக் குனியச் செய்து, தோள்பட்டைகளுக்கிடையே ஐந்து முறை தட்ட வேண்டும். அதனாலும் நீங்காவிடில், பின்னின்று அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்துதல் கூடாது.

பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் திரைப்படங்களிற் காணப்படினும் கேடு விளைப்பனவே. கடியுற்ற உறுப்பை அசையாமல் வைத்து, அச்சந் தணித்து, நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே வழி. அம்மருந்து செய்தற்கு வேண்டிய நஞ்சை, மாமல்லபுரத்தருகே 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்தளித்து வருகின்றனர். பாம்பைக் கண்டு பிறர் அஞ்சியோட, அதனைப் பிடிக்கும் அம்மக்களின் கைத்திறன் எத்தனையோ பேரைக் காக்கிறது.

ஏரியிலும் குளத்திலும் ஒருவர் மூழ்குவதைக் கண்டவுடன் தாமும் குதிப்பதால், காக்கச் சென்றவரும் மாளும் துயரம் அடிக்கடி நிகழ்கிறது. உயிர்காக்கும் பயிற்சியில்லாதவர் கரையில் நின்றபடியே கயிறு, மூங்கிற்கழி, வேட்டி, சேலை ஆகியவற்றுள் கிடைத்ததை நீட்ட வேண்டும். மிதக்கும் பொருளை எறிய வேண்டும். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்குவதும், நீரை வெளியேற்ற வயிற்றை அழுத்துவதும் காலத்தை வீணாக்கும். மூச்சில்லையெனில் மூச்சளித்தலும் மார்பழுத்தலுமே உடனே வேண்டப்படுவன.

தயக்கமும் அதனை நீக்கும் வழியும்

இவ்வளவு அறிந்தும் பலர் வாளா நிற்பது ஏன்? தவறு செய்துவிடுவோமோ என்பது முதல் அச்சம். மார்பை அழுத்தும்போது சில வேளைகளில் விலா எலும்பு முறிவதுண்டு. முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடும். போன உயிர் மீளாது. இதயம் நின்றவர் நிலை இறந்தார் நிலையே. அழுத்துவதால் அதனினும் கேடு விளைந்துவிடாது. இதயம் இயங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தவறாகக் கருதி அழுத்தினாலும், பெருந்தீங்கு நேர்வது அரிது.

வழக்கும் விசாரணையும் வரும் என்பது இரண்டாம் அச்சம். சாலை விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் இசைவளித்து, அவற்றைக் கட்டாயமாக்கியது. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர இயலாது என உறுதி கூறுகிறது. விபத்தில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்திற்கு உதவும் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கியது. ஆகவே, அஞ்சி ஒதுங்குதற்குக் காரணம் இல்லை.

எஞ்சி நிற்பது அறியாமை ஒன்றே. அதனை நீக்குவது கல்வி. டென்மார்க் நாடு 2005இல் தன் பள்ளிகளில் இதய நுரையீரல் மீட்பைக் கட்டாயப் பாடமாக்கியது. அடுத்த ஆண்டு, ஊர்தி ஓட்டும் உரிமம் பெறுவோரும் அதனைக் கற்க வேண்டும் என விதித்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள், அருகிலிருந்தோரால் மார்பழுத்தல் பெற்றவர் 2001இல் நூற்றுக்கு 21 பேராக இருந்தனர். 2010இல் 45 பேராயினர். முப்பது நாள் கடந்து உயிர் வாழ்ந்தோர் ஆயிரத்திற்கு 35 என்னும் நிலையிலிருந்து 108 என உயர்ந்தனர். ஊர்திகளும் மருத்துவமும் சிறந்தமையும் இதற்குத் துணை செய்திருக்கலாம். எனினும், மக்கள் கற்ற கல்விக்கு இதில் பெரும்பங்குண்டு. பன்னிரண்டு வயது முதல் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மணி நேரம் மாணவர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தை உலக நலவாழ்வு நிறுவனமும் 2015இல் ஆதரித்தது.

கற்கும் முறை

நீச்சலைப் பற்றி எத்துணை நூல் படித்தாலும் நீரில் இறங்காதவர் நீந்தமாட்டார். முதலுதவியும் அத்தகையதே. படித்தறிதல் அதன் வாயில். பழகியறிதலே அதன் உள்வீடு. செஞ்சிலுவைச் சங்கமும், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் பொதுமக்களுக்குப் பயிற்சி அளிக்கின்றன. பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை ஆகியவற்றின் வழியாகவும் மாணவர் இதனைக் கற்கலாம். பயிற்சிப் பாவையின்மேல் அழுத்திப் பழகும்போதுதான், 5 சென்டிமீட்டர் என்பது எத்துணை ஆழம், நிமிடத்திற்கு நூறு என்பது எத்துணை விரைவு என்பவற்றைக் கைகள் அறிந்துகொள்ளும். இப்பழக்கத்தை இயல்பாக இதயம் துடிக்கும் எவர்மேலும் விளையாட்டாகவும் செய்து பார்த்தல் ஆகாது.

பழகிய கையும் பயிலாதிருந்தால் மறக்கும். கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின், ஆண்டுக்கொரு முறையேனும் மீண்டும் பயிலுதல் நன்று. பதின்மூன்று, பதினான்கு வயது மாணவர் பெரும்பாலும் பெரியவர்க்கு நிகராக மார்பை அழுத்த வல்லவர். அவ்வலிமை இன்னும் வாராத இளையவரும், இடரை உணரலாம். தொலைபேசியில் இடத்தைத் தெளிவாகக் கூறலாம். வீட்டிலுள்ள பெரியோர்க்குச் செய்முறையை எடுத்துச் சொல்லலாம். இதயம் நிற்கும் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை வீட்டிலேயே நேர்கின்றன. எனவே, இன்று பள்ளியிற் கற்கும் இக்கல்வியால் நாளை உயிர் பிழைப்பவர் யாரோ ஒருவர் அல்லர். சொந்தப் பாட்டனாராகவோ, தாயாகவோ, தம்பியாகவோ இருத்தல் கூடும்.

எல்லா முயற்சியும் வெற்றியில் முடிவதில்லை. முறைப்படி செய்தும் பலர் பிழையாமற் போவதுண்டு. அதற்காக உதவியவர் தம்மை நொந்துகொள்ளுதல் வேண்டா. செய்யாதிருந்தால் இல்லாத ஒரு வாய்ப்பை அவர் அளித்தார் என்பதே அச்செயலின் பெருமை. பொருள் உடையவர் பொருளைக் கொடுக்கலாம்; கல்வி உடையவர் அறிவைக் கொடுக்கலாம். ஏதுமற்ற ஏழையும் கொடுக்கத்தக்க கொடை ஒன்று உண்டு. அஃது, இடருற்றவர் அருகே மண்டியிட்டு, மருத்துவர் வரும்வரை தன் கைகளின் வலிமையை அவர்க்கு ஈதலாகும். அக்கொடைக்கு வேண்டிய முதல், சில மணி நேரப் பயிற்சியே. அதனை ஒவ்வொரு மாணவரும் இளமையிலேயே தேடிக்கொள்ளுதல் கடமையாகும்.